கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறவர்கள்

இதை எழுத வேண்டாம் என்று மூன்று முறை முடிவு செய்தேன். முதல் முறை பேனா எழுதவில்லை. இரண்டாம் முறை பேனா எழுதியது, எனக்கு எழுத வரவில்லை. மூன்றாம் முறை டிவியில் கிரிக்கெட். ஆனால் டாக்டரம்மா விடவில்லை. "நீ பாட்டுக்குப் போயிடுவ. அந்த ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் என்கிட்ட வந்து நிப்பாங்க. ஒரு நோட்டுல எழுதி வெச்சிட்டுப் போ" என்றார். பத்தாவதில் தமிழ்த் தாளிலேயே ஃபெயிலானவனிடம் கட்டுரை கேட்கிறார். அவருக்கும் கொஞ்சம் ஓய்வு தேவை என்று நினைக்கிறேன்.

ஆகவே, டோக்கன் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும், இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறும் உங்கள் சீனியர் எழுதிக்கொள்வது. ஓய்வு என்றால் செல்போன் ரீசார்ஜ் கடை வைக்கப் போகிறேன். அங்கேயும் மேஜைக்குப் பின்னால் உட்காருகிற வேலைதான். நாற்காலி மட்டும் மாறுகிறது.

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை நான் எழுதப் போவதில்லை. பீரோவைத் திறந்தால் தெரியும். தெரியாவிட்டால் மூடிவிடுங்கள். நான் சொல்ல வந்தது நம் படிக்கட்டைப் பற்றி.

வேங்கிக்காலில் நம் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாம் மாடியில் நாம், அதாவது மனநல கிளினிக். சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சந்தேகம். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குவார்கள். மனசு சரியில்லாவிட்டால் பல்லும் சேர்ந்து வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் படிக்கட்டு வளைவில் நின்று பார்த்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கை கன்னத்துக்குப் போகிறது. முதல் மாடி வரை முகம் கோணிக்கொண்டே வருகிறது. பல் டாக்டர் கதவைத் தாண்டியதும் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. கை இறங்குகிறது. பல்வலி போய்விடுகிறது. அப்புறம் மிச்சப் படிகளை அவர்கள் ஏறுகிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் எது உண்மையான வலி என்று தெரியும்.

நம் ஊரில் பல் வலிக்கலாம், முட்டி வலிக்கலாம், கிட்னியில் கல் இருந்தால் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்ளலாம். மனசு மட்டும் வலிக்கக் கூடாது. வலித்தால் மந்திரிக்க வேண்டும், இல்லையென்றால் மலையைச் சுற்ற வேண்டும். எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. படியேறி வருகிறவர்களிடம், "எந்தப் பல்லுங்க, மேலயா கீழயா?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களை நான் கவனிக்கவில்லை.

முதல் தப்பு ஒரு டீச்சர் விஷயத்தில். அப்போதெல்லாம் பேர் சொல்லித்தான் உள்ளே அனுப்புவேன். எனக்குத் தொண்டை பெரிசு என்பது உங்களுக்குத் தெரியும். அவர் முறை வந்ததும் பேரோடு டீச்சரையும் சேர்த்து, ஜெராக்ஸ் கடை வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். ஹாலில் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று திரும்பி, "டீச்சர், நீங்களா!" என்றார். டீச்சர் எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பல் டாக்டரைப் பாக்க வந்தேம்மா. மாடி மாறி வந்துட்டேன்" என்று சொல்லிக் கீழே போனார். திரும்ப வரவேயில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த அம்மா எத்தினி மாசம் யோசிச்சிட்டு இந்தப் படி ஏறினாங்களோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரை அனுப்பச் சொன்னார். அன்று மத்தியானம் பெஞ்சில் சாய்ந்து கண் அசந்தபோது ஒரு கனவு. நான் கூப்பிட்ட பேர்களெல்லாம் கொக்குக் கூட்டம் மாதிரி மலையைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. எந்தப் பேருக்கும் இறங்க இடமில்லை. கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், 'இது என்னுதில்ல, இது என்னுதில்ல' என்று தலையை ஆட்டிக்கொண்டு.

மறுநாளே காலண்டர் அட்டையை வெட்டி டோக்கன் செய்தேன். நம்பர் போடலாம் என்று நினைத்தேன். நம்பர் என்றால் ஜெயில் மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்த்தே வளர்ந்தவன் நான், ஊர்ப் பேர்களாக எழுதிவிட்டேன். போளூர், செங்கம், ஆரணி, சேத்துப்பட்டு, தண்டராம்பட்டு. "செங்கம் உள்ள போங்க, ஆரணி ரெடியா இருங்க" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பேன். ஒரு பெரியவர் ஆரணி டோக்கனைத் திருப்பிக் கொடுத்து, "இது வேணாம்பா, என் மாமியார் ஊரு. அங்க போயிதான் இந்த கதிக்கு வந்தேன்" என்றார். ஹாலே சிரித்தது. வருகிறவர்கள் யாரோ வெளியூர்க்காரர்களாகி நிம்மதியாக உட்கார ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாக மலை தெரியும். மேகம் இறங்கி உச்சியை மூடும், மறுபடி திறக்கும். அதைப் பார்த்தபடியே பாதிப் பேர் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். அந்த ஹாலில் நேரம் நடக்காது, மிதக்கும். நீங்கள் இருவரும் அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

இப்போது என் நண்பனைப் பற்றி. பேர் சொல்ல மாட்டேன், டீச்சரிடம் கற்ற பாடம். அவன் நம்மிடம் வந்த முதல் நாள் கையில் கிடைத்த டோக்கன் போளூர். போளூர் என்றே வைத்துக்கொள்வோம்.

போளூர் அடி அண்ணாமலைக்காரன். என்னோடு பத்தாவது ஃபெயில். அதிலும் என்னைவிட இரண்டு பாடம் கூட. மைக் செட் வைத்திருந்தான். கல்யாணம், காது குத்து, கூழ் ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் அவன் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற ஜனத்தில் தொலைந்துபோகிறவர்களைக் கண்டுபிடிப்பதும் அவன்தான். பாதை நெடுக மரத்துக்கு மரம் குழாய் கட்டியிருப்பான். "விழுப்புரத்துலேருந்து வந்த, ஊதா கலர் புடவை கட்டின அம்மா, உங்க வீட்டுக்காரரு இங்க அழுதுகினு இருக்காரு, சீக்கிரம் வந்து கூட்டிகினு போங்க" என்பான். அவன் குரல் கேட்டால் தொலைந்தவர்களே சிரித்துக்கொண்டுதான் வருவார்கள்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம் அவன் பேசுவதை நிறுத்தினான். ஒரே நாளில் இல்லை. குழாயின் சத்தத்தை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மி பண்ணுகிற மாதிரி. வேலைக்குப் போகவில்லை, சவரம் செய்யவில்லை. விடிந்ததும் போய்ப் பாதையோரப் புளியமரத்தடியில் மலையைப் பார்த்து உட்காருவான். பொழுதுக்கும் அப்படியே.

வேறு ஊராக இருந்தால் யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் ஒருவன் தாடி வளர்த்து, சாப்பிடாமல், பேசாமல், மலையைப் பார்த்து உட்கார்ந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்தாவது நாள் ஒருவர் வாழைப்பழம் வைத்தார். இருபதாவது நாள் ஒரு அம்மா கற்பூரம் ஏற்றினார். ஒரு மாதத்தில் அவன் சாமியாகிவிட்டான்.

எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் வருகிறவர்களிடம் விளக்கம் சொல்வார். "சாமி வாயத் தொறக்காதுங்க. உள்ள பெருசா ஏதோ நடந்துகினு இருக்குது."

அவர் சொன்னது சரிதான். உள்ளே பெரிதாக ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்லவே சம்பளம் கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் மனைவி என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, அவரு சரியா சாப்பிடறதே இல்லண்ணா. தூங்கறதும் இல்ல. எனக்கு என்னமோ பயமா கீது" என்றாள்.

"விடு தங்கச்சி. ஆசிரமம் கட்டப் போறான். நீ இப்பவே ஒரு நல்ல உண்டியலா பாத்து வெச்சிக்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நானே போனேன். புளியமரத்தடியில் அவன் முன்னால் தடாலென்று விழுந்தேன். "சாமி, எனக்கு ஒரு நல்ல பொண்ணா பாத்துக் குடுங்க. கலரு கம்மியா இருந்தாலும் பரவால்ல, கோவம் கம்மியா இருந்தா போதும்."

பக்கத்தில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். அவன் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தான். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி என் கையில் வைத்தான். அவன் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கண் வைத்ததெல்லாம் அவனுக்குத் தெரியும், இதுவும் தெரியும்.

"வெச்சிக்கடா. இனிமே எனக்கு எதுக்கு" என்றான். இரண்டு மாதத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை.

நான் என்ன நினைத்தேன்? வாட்ச் கிடைத்தது என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, பௌர்ணமி. நம் ஹாலில் நிற்க இடமில்லை. நான் வாட்ச் தெரிகிற மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதா மாதம் வருகிற ஒரு அம்மா, அன்றைக்குச் செங்கம், அதிகம் பேசாதவர். என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வாட்ச்சா தம்பி?"

"என் கூட்டாளி குடுத்தான்மா. சாமியாரு ஆயிட்டான். டைமெல்லாம் வேணாமாம் அவனுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மலை உச்சியில் மேகம் இருந்தது.

"என் புள்ளயும் அப்பிடித்தான் குடுத்தான். மொதல்ல சைக்கிளு. அப்புறம் நல்ல நல்ல சட்டையா எடுத்துக் குடுத்தான். நான் என் புள்ளைக்கு தாராள மனசுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன். கடைசில குடுக்க ஒண்ணும் இல்ல. மறுநாளு அவனும் இல்ல."

அவர் அழவில்லை. மணி என்ன ஆகிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். என் கையில் வாட்ச் கனத்தது. அது ஓடுகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது. மூன்று வருடமாக அந்த மேஜையில் உட்கார்ந்து, தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யாரோடும் பேச்சு இல்லை என்று நான் கேட்டு எழுதிய சீட்டுகள் எத்தனை! அத்தனையும் அவன் முகத்தில் எழுதியிருந்தது. நான் சிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

டாக்டரம்மா அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். உள்ளே சேத்துப்பட்டு இருந்தார். "அம்மா, நான் போணும்" என்றேன். வாட்ச்சைக் காட்டி இரண்டே வரியில் சொன்னேன். "ஓடு. இங்க கூட்டிட்டு வா. எத்தனை மணி ஆனாலும் இருக்கேன். அவரத் தனியா விட்டுடாத" என்றார். டோக்கன் கட்டைச் செங்கம் அம்மாவிடம் கொடுத்தேன். அன்று மீதி ஊர்களை அவர்தான் உள்ளே அனுப்பினாராம், என்னைவிட நன்றாக.

ஜெராக்ஸ் கடைக்காரரின் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஜனம் மலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. புளியமரத்தடியில் பழங்கள் இருந்தன, அவன் இல்லை. பாதையோரம் கீற்றுக் கொட்டகையில் அவன் மனைவி மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவன் விட்ட வேலையை அவள்தான் பார்த்துவந்தாள்.

"காலைலயே கெளம்பிட்டாருண்ணா. மலை சுத்தறேன்னாரு. புள்ளைய தூக்கி முத்தம் குடுத்துட்டுப் போனாரு. இன்னும் வரல." மைக்கை என் பக்கம் நீட்டினாள். "பேரச் சொல்லிக் கூப்பிடுண்ணா. உன் குரல் நல்லா கேக்கும்."

மைக்கை வாங்கினேன். வாய் வரை பேர் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு படி இறங்குவது தெரிந்தது. பேரைச் சொல்லிக் காணவில்லை என்று கூப்பிட்டால் பாதை முழுக்க அவனைத் தேடும். ஓர் ஊரே தேடுகிறது என்று தெரிந்தால் அவன் இன்னும் தள்ளிப் போவான். தொலைந்தவன் அவன் என்று சொல்லக் கூடாது. வேறு யார் தொலையலாம்?

"பக்தர்கள் கவனத்துக்கு" என்றேன். மரத்துக்கு மரம் என் குரல் தள்ளித் தள்ளிப் போய் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "பச்சை கட்டம் போட்ட சட்டை, வயசு இருபத்தி நாலு, பத்தாவது ஃபெயில், பாக்க சுமாரா இருப்பான். இந்தப் பையன் காணாமப் போயிட்டான். அவனுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு கூட்டாளி. அவன் எங்க இருந்தாலும் மைக் செட்டாண்ட வந்து இவனக் கூட்டிகினு போகணும். பையனுக்கு வழி தெரியல. பயந்துகினு இருக்கான்."

திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜனம் சிரித்துக்கொண்டே போனது. பனியில் ஆட்கள் கரைந்து வந்தார்கள், கரைந்து போனார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு எத்தனை வயசு ஆனது என்று தெரியாது. கடைசித் தடவை சொல்லும்போது தொண்டை உடைந்துவிட்டது. அதுவும் குழாயில் போயிற்று.

கொட்டகை வாசலில் யாரோ நின்றார்கள்.

"சுமாரால்லாம் இருக்க மாட்ட நீ" என்றான்.

ஈரத்தோடு நின்றான். காலில் செருப்பு இல்லை, முழங்கால் வரை முள் கீறல். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. அவன் மனைவி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்கூட வா. எங்க டாக்டரம்மாவப் பாக்கலாம்" என்றேன்.

"பைத்தியக்கார டாக்டரா? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு உன்ன சாமின்னு சொல்லுது. அத விட மோசமா இன்னாடா சொல்லிடப் போவுது? நான் தொலைஞ்சு போனவன். ஒழுங்கா என்ன வேங்கிக்கால்ல கொண்டுபோய் விட்டுட்டு அப்புறம் உன் வேலையப் பாரு."

அவன் யோசித்தான். தொலைந்தவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். தொலைந்தவனை அவனால் அப்படியே விட முடியாது. சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினான்.

வண்டியைக் கிளப்புவதற்குள் டீக்கடைக்காரர் வந்துவிட்டார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர். ஒரு அம்மா அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "சாமிய எங்கப்பா இட்டுகினு போற? பௌர்ணமி அதுவுமா!" என்று வண்டிச் சாவியில் கை வைத்தார் டீக்கடைக்காரர்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் விவாதம் நடந்திருக்கும். அதற்குள் அவன் மனசு மாறியிருக்கும். நான் திரும்பி அவன் கையை எடுத்து அவன் கன்னத்தில் வைத்தேன்.

"சாமிக்குப் பல்லு வலிங்க" என்றேன்.

"அய்யய்யோ, பல்லு வலியா!" என்றார் டீக்கடைக்காரர். அவ்வளவுதான். கூட்டம் விலகியது. ஒருவர் கிராம்பு கொடுத்தார். ஒருவர் உப்புத் தண்ணீர் வைத்தியம் சொன்னார். அதுவரை அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்காத அத்தனை பேரும் அவன் பல்லுக்காகத் துடித்தார்கள். வண்டி நகர்ந்ததும் என் முதுகில் அவன் நெற்றி சாய்ந்தது. குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொன்னான்.

கன்னத்தைப் பிடித்தபடியே படி ஏறினான். முதல் மாடி தாண்டியும் கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்து, மணிக்கட்டில் வாட்ச்சைக் கட்டிவிட்டேன். செங்கம் அம்மா மேஜையிலிருந்து எழுந்து அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போளூர் டோக்கனை அவன் கையில் கொடுத்து, "உள்ள போப்பா" என்றார்.

மாத்திரை போட்டதும் குணமாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதனால் எழுத மாட்டேன். ஒரு மாதம் மாற்றமே தெரியவில்லை. பிறகு ஒரு நாள் தோசை கேட்டானாம். நடுவில் யாரோ மாத்திரை மூளையைக் கெடுக்கும் என்று சொல்ல, நிறுத்திவிட்டு மறுபடி புளியமரத்தடிக்குப் போனான். மறுபடி கூட்டிவந்தோம். ஒன்றரை வருடம் ஆனது. இப்போது அவன்தான் பௌர்ணமிக்கு மைக்கில் பேசுகிறான். புளியமரத்தடியில் இன்னமும் யாரோ சூடம் ஏற்றுகிறார்கள். மரத்துக்கு அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை.

டீக்கடைக்காரர் ஒரு நாள் நம் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பல்லு டாக்டரம்மா... என் பொண்ணுக்கும் ஒரு ஆறு மாசமா பல்லு வலிதாம்பா. ரூம விட்டு வெளியவே வர மாட்டேங்குது" என்றார். எனக்குக் கேலி செய்ய ஆயிரம் இடம் இருந்தது. "கூட்டிகினு வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். கூட்டி வந்ததும் ஆரணி டோக்கன் கொடுத்தேன்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். கேலி செய்யாதீர்கள் என்று நான் சொன்னால் மேஜை கூடச் சிரிக்கும். செய்யுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் எதிரில் இருப்பவர் முகத்தை ஒரு முறை பாருங்கள். சிரிக்காதவரிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கன்னத்தைப் பிடித்து வருகிறவரிடம் எந்தப் பல் என்று கேட்காதீர்கள். அந்தக் கை எப்போது இறங்க வேண்டும் என்பது அவர் முடிவு. பேரை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவும் எழுதியபின் டாக்டரம்மாவிடம் கொடுக்குமுன் நோட்டைப் போளூரிடம் காட்டினேன். அவன் விஷயம், அவன் வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம். அடி அண்ணாமலையில் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயர் மேல் நோட்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். மலை மேல் வெயிலும் மேகமும் மாறி மாறி நகர்ந்தன. இரண்டு இடத்தில் சிரித்தான். ஒரு இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னட்டையிலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"எல்லாம் சரி, இதுல என் பேர எங்கடா காணோம்?"